கூரைக் கடன்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், உத்திரமேரூருக்குச் சற்று முன்னதாகத் திருப்புலிவனம் வரும். புலிக்கால் முனிவராகிய வியாக்கிரபாதர் வழிபட்டதாகச் சொல்லப்படும் பழைய சிவாலயம் அங்கே உண்டு. அந்த நிறுத்தத்தில் பிரியும் கிளைச் சாலையில் சிறிது தொலைவு சென்றால் ஒரு சிற்றூர். நான் அப்பகுதியில் பங்குப் பணியாற்றிய காலத்தில் அது எங்கள் கிளைக் கிராமம். ஊரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். அங்கே நடந்தது எந்த ஊரிலும் நடக்கக்கூடியதே. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்ற ஊர்கள் தப்பித்துக்கொள்ளும்.

ஏரிக்கரையை ஒட்டிய காலனியில் முப்பது கத்தோலிக்கக் குடும்பங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று கரும்பு வெட்டும் தொழிலாளி ஒருவரின் குடும்பம். மனைவி, மகன், மகள். 2013-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழையில் அவர் வீட்டுக் கூரை மூன்று இடங்களில் ஒழுகியது. கார்த்திகை மாதத்தில் ஒருநாள் நோயாளி ஒருவருக்கு நற்கருணை வழங்கிவிட்டுத் திரும்பும்போது அந்த வீட்டில் ஒதுங்கினேன். பத்தாம் வகுப்பில் படித்த மகள் பாடநூல்களை அலுமினியக் குண்டானுக்குள் வைத்து மூடியிருந்தாள். சோறு வடிக்க வேண்டிய பாத்திரத்தில் கணக்குப் புத்தகம் இருந்தது.

அரசின் வீட்டுத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2010-இல் குடிசைகளைக் கணக்கெடுத்துத் தளம் போட்ட வீடுகளாக மாற்றும் திட்டம் வந்தது. 2011-இல் பசுமை வீடுகள் திட்டம் வந்தது. ஆனால் வீடு கேட்பவரிடம் முதலில் மனைக்குப் பட்டா கேட்கிறார்கள். ஏரிப் புறம்போக்கில் குடியிருப்பவர் எதைக் காட்டுவார்? இதை நினைக்கும்போதெல்லாம், அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் உத்திரமேரூர்க் கல்வெட்டு என் நினைவுக்கு வரும். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-இல் வெட்டப்பட்ட அக்கல்வெட்டில் குடவோலை முறைத் தேர்தலுக்கான தகுதிகள் வரிசையாகச் சொல்லப்பட்டுள்ளன. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்குமேல் இருக்க வேண்டும். முப்பத்தைந்து வயது நிரம்பி எழுபதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவர்களை விலக்கிய அந்த நேர்மையை நாம் பெருமையாகப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். அது ஒரு பிராமணர் சபையின் ஏற்பாடு என்பதையும், சொந்த மனை இல்லாதவனுக்கு அதில் குரல் இல்லை என்பதையும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் மனைதான் முதல் கேள்வியாக இருக்கிறது.

ஆகவே கூரையை அவரே மாற்ற வேண்டியதாயிற்று. கூலிக்கு ஆள் வைக்க வழியில்லை. 2014-இல், உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்து வந்த சனிக்கிழமை, கரும்பு வெட்டும் கூட்டாளிகள் ஐவர், மைத்துனர் ஒருவர், ஊர்ப் பக்கத்திலிருந்து பள்ளித் தோழர் ஒருவர் என எழுவர் வந்தார்கள். ‘ஊர்’ என்றும் ‘காலனி’ என்றும் நம் பக்கத்தில் சொல்வதன் பொருளை வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தோழரிடம் இரண்டு ஏக்கர் நிலமும் ஓர் இழுவை வண்டியும் இருந்தன. கரும்புத் தோகை இரண்டு பாரத்தை அந்த வண்டியில் அவரே கொண்டுவந்து இறக்கினார்.

நானும் போயிருந்தேன். செபித்து, மந்திரித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்பதே என் எண்ணம்.

பழைய கூரையைப் பிரிக்கும்போதுதான் அதற்குள் எவ்வளவு வாழ்க்கை செருகியிருக்கிறது என்று தெரிகிறது. துருப்பிடித்த அரிவாள் ஒன்று, பாலித்தீன் உறையில் சுற்றிய குடும்ப அட்டை, இரண்டு தேள்கள், பிள்ளைகளின் விழுந்த பாற்பல் எங்கேயோ, அடுப்புப் புகை படிந்து கருத்துப்போன குருத்தோலைச் சிலுவைகள். ஒவ்வோர் ஆண்டும் குருத்து ஞாயிறன்று கோவிலிலிருந்து கொண்டுபோன ஓலையை இறவாணத்தில் செருகி வைத்திருக்கிறார்கள். ஒன்பது எண்ணினேன். வீட்டுக்காரர் அவற்றை ஒரு துணியில் முடிந்து என் கையில் கொடுத்தார், அடுத்த ஆண்டுத் திருநீற்றுப் புதனுக்கு எரிக்க.

வேலையின் முறை பார்ப்பதற்கு எளிது, செய்வதற்கு அப்படியன்று. உளுத்த கழிகளைக் கழற்றிவிட்டுப் புதிய சவுக்குக் கழிகளைப் பொருத்த வேண்டும். அவற்றின் குறுக்கே மூங்கில் பிளாச்சுகளை வரிச்சாகக் கட்ட வேண்டும். தோகையைக் கீழே இறவாணத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி வரிசை வரிசையாகப் பரப்ப வேண்டும். மேல்வரிசை கீழ்வரிசையின் தலையை மூடினால்தான் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். முகடு கடைசியில். இவற்றில் நான் அறியாதிருந்தது ஒன்று உண்டு. மேலே உட்கார்ந்திருப்பவரால் தனியாக ஒரு முடிச்சும் போட முடியாது. அவர் தோகையின் ஊடே கயிற்றைக் குத்தி உள்ளே விடுவார். உள்ளே நிற்பவர் அதை வரிச்சுக்குக் கீழாகச் சுற்றித் திரும்ப மேலே குத்திவிட வேண்டும். உள்ளே நின்றுகொண்டிருந்த மைத்துனருக்குக் கண்ணில் தூசு விழுந்துவிட்டது. வெள்ளை அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு நான் நின்றேன்.

மூன்று மணி நேரம் நின்றிருப்பேன். தலைக்குமேல் இருந்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஓலையின் இடுக்கில் ஒரு விரல் தெரியும், “விட்டேன்” என்று ஒரு குரல் வரும். நான் கயிற்றைப் பிடித்து, “வாங்கிட்டேன்” என்பேன். ஒருமுறை அந்த விரல் காலனிக்காரருடையது, மறுமுறை ஊர்க்காரருடையது. குரலைக்கொண்டு பிரித்தறிய நான் முயலவுமில்லை. மாலையில் முகட்டைக் கட்டி முடித்து, இறவாணத்தை ஒழுங்காக வெட்டிவிட்டபின் எல்லாரும் ஒரே வரிசையில் அமர்ந்து கருவாட்டுக் குழம்பும் சோறும் உண்டோம். அந்த நாளை என் குருத்துவ வாழ்வின் நல்ல நாள்களுள் ஒன்றாக இன்றும் வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு மறையுரையிலும் சொன்னேன். கொஞ்சம் மிகையாகவே சொல்லியிருப்பேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். கையில் நாற்பது பக்கப் பள்ளி நோட்டு. மகளின் கையெழுத்தில் எழுவரின் பெயர்களும், அவரவர் கொடுத்ததும். இன்னாருக்கு இரண்டு நாள் வேலை, இன்னார் நான்கு சவுக்குக் கழி, இன்னார் கயிறு, இழுவை வண்டி இரண்டு நடை, டீசல் அவருடையது. திருமண வீட்டு மொய்க் கணக்கைப் போலவே கோடு போட்டு எழுதியிருந்தது. எட்டாவது பெயராக ‘சாமி – அரை நாள்’ என்றும் இருந்தது. சிரித்துவிட்டேன்.

“சாமி, இந்தக் கடனை நான் எப்படித் தீர்க்கப் போறேன்?” என்று கேட்டார்.

“இது கடனே இல்லையப்பா. அன்பினால் செய்தது. நோட்டைக் கிழித்துப் போடு” என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றவர், “அப்படின்னா திருப்பிக் குடுக்கிற யோக்கியதை எனக்கு இல்லைங்களா?” என்றார்.

பூவிருந்தவல்லிக் குருமடத்தில் ஒழுக்க இறையியலை முறையாகப் பயின்றவன் நான். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை.

விருந்து கொடுக்கும்போது கைம்மாறு செய்ய இயலாதவர்களை அழையுங்கள் என்று ஆண்டவர் லூக்கா நற்செய்தியில் சொல்கிறார். ஏழைகள், உடல் ஊனமுற்றோர், பார்வையற்றோர் ஆகியோரை அழைத்தால் நீங்கள் பேறுபெற்றவர்கள் என்கிறார். இப்பகுதியை எத்தனை முறை விளக்கியிருக்கிறேன்! ஒவ்வொரு முறையும் கொடுப்பவனின் இடத்தில் நின்றே விளக்கியிருக்கிறேன். கோவிலில் பாய்மேல் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பவர்களுள் பாதிப்பேர் ‘கைம்மாறு செய்ய இயலாதவர்கள்’ என்னும் சொல்லில் தங்களைத்தாம் கண்டிருப்பார்கள் என்று ஒருநாளும் எண்ணவில்லை. அந்த விருந்தில் அமர்ந்து உண்டவன் வீடு திரும்பியபின் என்ன நினைத்தான்? நற்செய்தியாளர் அதை எழுதவில்லை. நாமும் கேட்பதில்லை.

பிறகு பழைய நூல்களை எடுத்துப் பார்த்தேன். புனித தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பில் நன்றியறிதலுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார். சட்டப்படியான கடன் வேறு, ஒழுக்கத்தால் வரும் கடன் வேறு என்று பிரிக்கிறார். சட்டக் கடனை உடனே தீர்க்க வேண்டும். நன்றிக் கடனுக்கோ உள்ளம்தான் உடனே வேண்டும்; பொருள், அதற்கு உகந்த நேரம் வரும்வரை காத்திருக்கலாம். உதவியைப் பெற்ற கையோடு திருப்பிக் கொடுக்கத் துடிப்பவன் மனமில்லாத கடனாளியைப் போன்றவன் என்னும் செனேக்காவின் கருத்தையும் துணைக்கு அழைக்கிறார். ஆக, கடன் இல்லை என்று அவர் சொல்லவே இல்லை. அது வேறு வகைக் கடன் என்றுதான் சொன்னார். அப்பாடத்தைத் தேர்வுக்குப் படித்த நானோ கடனே இல்லை என்று சொல்லி ஓர் ஏழையின் நோட்டைக் கிழிக்கச் சொல்லியிருக்கிறேன்.

உதவியைக் கொடுத்தவனின் மனத்தைக்கொண்டு அளக்க வேண்டும் என்பது தோமாவின் முடிவு. நம் வள்ளுவர் செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தில், பெற்றுக்கொண்டவரின் சால்பைக்கொண்டு அளக்கிறார். இரண்டும் முரண் அல்ல. ஆனால் அந்தத் தொழிலாளியின் நோட்டுக்கு வள்ளுவர்தாம் அருகில் இருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. தமிழில் ‘கடன்’ என்ற சொல்லுக்கே இரண்டு பொருள் உண்டல்லவா? வாங்கியதும் கடன், செய்ய வேண்டிய கடமையும் கடன். அவர் இரண்டாவது பொருளில் கேட்டதை நான் முதல் பொருளில் தள்ளுபடி செய்துவிட்டேன்.

தவற்றைத் திருத்த எண்ணி, கெபியின் முன்னிருந்த கீற்றுப் பந்தலைப் பிரித்துக் கட்ட அவரை அழைத்தேன். வந்தார், நன்றாகக் கட்டினார். போகும்போது, “பந்தல் இன்னும் ஒரு வருசம் தாங்கியிருக்கும் சாமி. எனக்காக உண்டாக்கின வேலைதானே இது?” என்றார். நோட்டில் என் பெயரை அடித்தாரா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

மற்றவர்கள் கணக்கு ஒவ்வொன்றாகத் தீர்ந்துவந்தது. ஒருவர் வீட்டுச் சுவருக்கு மண் குழைத்தார். இன்னொருவரின் தாய் மருத்துவமனையில் இருந்தபோது நான்கு இரவுகள் துணைக்குப் படுத்தார். கழி கொடுத்தவருக்கு மகள் திருமணத்தில் பந்தல். ஒவ்வொரு முறையும் நோட்டில் ஒரு கோடு விழுந்தது. கோடு விழுந்ததனால் அவர்களுடைய நட்பு முடிந்துவிடவில்லை. கோடு போட்ட மறுவாரமே இன்னொரு கொடுக்கல் வாங்கல் தொடங்கிவிடும். கூரையே அப்படித்தானே? தோகைக் கூரை ஆண்டுக்கணக்கில் நிலைப்பதில்லை. இரண்டு, மூன்று மழைக்குப்பின் மறுபடியும் ஆட்களைக் கூப்பிடத்தான் வேண்டும்.

இதைச் சொல்வதால் குடிசையை நான் போற்றுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். 2004 ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் கீற்றுக் கூரைக்குத் தீப்பிடித்துப் பள்ளிப் பிள்ளைகள் தொண்ணூற்று நால்வர் மாண்டார்கள். ஏழையின் வீட்டுக் கூரை மட்டும் எரியலாம், ஒழுகலாம், அதில் ஒரு கவிதை இருக்கிறது என்று சொல்ல, தளம் போட்ட இல்லத்தில் உறங்கும் எனக்கு உரிமையில்லை.

நோட்டில் ஒரு பெயர் மட்டும் அடிபடாமல் நின்றது. இழுவை வண்டிக்காரர்.

அவருடையது நாட்டு ஓடு வேய்ந்த வீடு. அத்தகைய வீட்டில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மழைக்கு முன்னே ஓடுகளைப் பிரித்து, உடைந்தவற்றை நீக்கி அடுக்க வேண்டும். 2015 ஆவணியில் அந்த வேலை வந்தது. நம்மவர் முதல்நாளே போய், “நாளைக்கு விடியலில் வந்துவிடுகிறேன்” என்று சொல்லியிருக்கிறார். தோழர் தலையாட்டியிருக்கிறார். விடியலில் போனபோது கூலிக்கு அமர்த்திய மூவர் ஏற்கெனவே கூரைமேல் இருந்தார்கள். வேறு ஊரிலிருந்து வந்த ஊர்ச்சாதி ஆட்கள். “உனக்கு எதுக்கப்பா சிரமம்?” என்று தோழர் சொல்லித் திண்ணையருகிலேயே தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

சில நாளில் அந்தத் தோழரே என்னைத் தேடி வந்தார். நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். “ஃபாதர், நான் அப்படிப்பட்டவன் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். அம்மா இருக்காங்க. சாமி மாடத்துக்கு நேர்மேலே அவன் காலை வைக்கறதான்னு ரெண்டு நாள் சாப்பிடலை. நான் என்ன செய்ய?” என்றார். அவர் நல்லவர். அதில் எனக்கு ஐயமில்லை, இன்றும் இல்லை. காலனிக் கூரைமேல் நாள் முழுதும் வெயிலில் உட்கார்ந்து அவர் கட்டிய கட்டு அன்பினால் கட்டியதுதான். ஆனால், தான் ஏறிய கூரைக்குரியவனைத் தன் கூரைமேல் ஏறவிடாதபோது அந்த அன்புக்கு என்ன ஆகிறது? கொடுத்தபோது அது நட்பாக இருந்தது. திருப்பி வாங்க மறுத்தபோது, கொடுத்த நாளுக்கே பின்சென்று அது இரக்கமாக மாறிவிட்டது. நம்மவருக்கு வலித்தது அதுதான் என்று நினைக்கிறேன். தேநீர் அன்று.

சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் முதலில் எதையும் கொடுக்கவில்லை. தண்ணீர் கேட்டார். யூதர் சமாரியரோடு பழகாத காலத்தில், தம்மிடம் வாளி இல்லாத நிலையில், அவள் பாத்திரத்திலிருந்து குடிக்கக் கேட்டார். வாழ்வு தரும் தண்ணீரைப் பற்றிய பேச்செல்லாம் அதற்குப் பின்னர்தான் வருகிறது. இந்த வரிசையை நம் அறப்பணிகளில் பெரும்பாலும் தலைகீழாக்கிவிடுகிறோம். நாங்கள் குருக்களும் அப்படித்தான். அரிசி மூட்டை கொடுப்போம். கொடுத்த வீட்டில் ஒருவேளை உண்ணச் சொன்னால், அடுத்த ஊரில் திருப்பலி இருக்கிறது என்போம்.

நண்பர்களும் கூரையும் என்றால் மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் நம் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். முடக்குவாதமுற்றவனை நால்வர் சுமந்துவந்து, கப்பர்நாகூமில் ஒரு வீட்டுக் கூரையைப் பெயர்த்து இயேசுவின் முன் இறக்கினார்கள். மரச்சட்டமும் கிளைகளும் பரப்பி மண் பூசிய கூரையாக அது இருந்திருக்கும். மழைக்கு முன் ஒவ்வோர் ஆண்டும் அதையும் செப்பனிட வேண்டும். பெயர்த்த கூரையை யார் அடைத்தார்கள் என்று மறையுரையில் வேடிக்கையாகக் கேட்பதுண்டு. அந்த ஆவணிக்குப் பிறகு எனக்கு அது வேடிக்கையாக இல்லை. குணமடைந்தவனிடம் ஆண்டவர், இதுவரை அவனைச் சுமந்த படுக்கையை அவனே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்கிறார். மறுநாள் அவன் கூடையில் மண் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக் கூரைமேல் ஏறியிருப்பான் என்று நான் நம்ப விரும்புகிறேன். வீட்டுக்காரர் அவனை ஏறவிட்டிருக்க வேண்டும்.

2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையருகே கரையைக் கடந்தது. எங்கள் பக்கத்திலும் காற்று கடுமையாக இருந்தது. அந்தத் தோழர் வீட்டின் பக்கவாட்டில் ஓடுகள் பறந்தன, மாட்டுக் கொட்டகையின் கீற்றுக் கூரை ஒருபக்கம் முழுதும் சரிந்தது. மறுநாள் விடியலில் யாரும் கூப்பிடாமலே நம்மவர் கயிற்றுச் சுருளும் அரிவாளுமாகப் போய் நின்றார். புயலுக்கு மறுநாள் கூலி ஆள் எங்கே கிடைக்கும்? தோழர் தன் தாயைப் பார்த்தாராம். அந்த அம்மாள் எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாராம்.

“கொட்டகையைக் கட்டிக் கொடு. வீட்டு ஓட்டை நான் பார்த்துக்கிறேன்” என்று தோழர் சொன்னார். நம்மவர் கொட்டகை மேல் ஏறினார். உள்ளே, மாடுகளுக்கு நடுவே நின்று கயிற்றைத் திருப்பிவிட்டவர் தோழர்தான். இதை இருவருமே தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள்; ஒருவர் பெருமையாக, ஒருவர் தலைகுனிந்து. பெருமையாகச் சொன்னவர் யார் என்று வாசகர் யூகிப்பது தவறாகவும் இருக்கலாம்.

அடுத்த மே மாதம் எனக்கு மாற்றல் வந்துவிட்டது. சென்ற ஆண்டு அவர் மகன் புதுவீடு மந்திரிப்புக்கு அழைத்ததால் மறுபடியும் போனேன். பட்டாவும் கிடைத்து, தளமும் போட்டாயிற்று. இப்போது 2024-இல் தொடங்கிய கனவு இல்லத் திட்டத்தில் அந்தத் தெருவில் இன்னும் சில வீடுகள் எழுந்துகொண்டிருந்தன. தளம் போட வந்தது கூலி ஆட்களும் கலவை இயந்திரமும்தான். ஒரே நாளில் வேலை முடிந்துவிட்டதாம். நண்பர்கள் மாலையில் பிரியாணி சாப்பிட வந்தார்களாம். மழையில் ஒழுகாத வீட்டில் அவர் பேரப்பிள்ளை தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

தகரப் பெட்டியைத் திறந்து அந்த நோட்டைக் காட்டினார். ஆறு பெயர்களின்மேல் முழுக் கோடு. என் பெயரின்மேலும் முழுக் கோடு இருந்தது. பந்தலைப் பெரிய மனதோடு ஏற்றுக்கொண்டிருக்கிறார். இழுவை வண்டிக்காரரின் பெயர்மேல் கோடு தொடங்கிப் பாதியில் நின்றிருந்தது.

“இது என்ன?” என்றேன்.

“கொட்டகைக்கு அவ்வளவுதான் சாமி” என்று சொல்லி நோட்டை மறுபடியும் பெட்டிக்குள் வைத்தார்.